விலங்கின் பங்கு எவ்வளவு?

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில், கலிபோர்னியா பல்கலைக்கழக மருத்துவமனையின் இதயப் பிரிவு. இதயச் செயலிழப்பு முற்றிய நோயாளிகள் அங்கே படுத்திருக்கிறார்கள். ரத்தக் குழாய் வழியாக நுழைத்த மெல்லிய டியூப் ஒன்று அவர்களுடைய இதயத்தைக் கடந்து நுரையீரல் தமனிவரை போயிருக்கிறது. அங்கே அழுத்தம் எவ்வளவு என்பது தலைமாட்டுத் திரையில் எண்ணாக ஓடிக்கொண்டிருக்கும். இதயம் திணறத் திணற அந்த எண் ஏறும்.

ஒரு தன்னார்வலர் நாயோடு அறைக்குள் வருகிறார். கட்டிலில் சுத்தமான விரிப்பு ஒன்றைப் போட்டு, அதன்மேல் நாயைப் படுக்க வைக்கிறார்கள். நோயாளி கையை நீட்டினால் எட்டும் தூரத்தில் அதன் தலை. அவர் அதைத் தடவிக்கொடுக்கலாம், அதோடு பேசலாம். 12 நிமிடம் ஆனதும் நாய் இறங்கிப் போய்விடும். அவ்வளவுதான் சிகிச்சை.

கேத்தி கோல் என்ற செவிலியரும் அவருடைய குழுவினரும் நடத்திய இந்த ஆய்வு 2007-இல் வெளியானது. மொத்தம் 76 நோயாளிகள். அவர்களைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினரைப் பார்க்க நாயும் தன்னார்வலரும் வந்தார்கள். இரண்டாம் பிரிவினரைப் பார்க்கத் தன்னார்வலர் மட்டும் வந்தார். மூன்றாம் பிரிவினர் வழக்கம்போல ஓய்வில் இருந்தார்கள். நாய் வந்து போனவர்களின் மனக்கலக்க மதிப்பெண் 24 சதவீதம் இறங்கியது. மனிதர் மட்டும் வந்து போனவர்களுக்கு 10 சதவீதம் இறங்கியது. ஓய்வில் இருந்தவர்களுக்கு மாற்றமே இல்லை. ரத்தத்தில் அட்ரினலின் அளவு நாய்ப் பிரிவில் சுமார் 17 சதவீதம் குறைந்தது, மனிதர் மட்டும் வந்த பிரிவில் 2 சதவீதம் குறைந்தது, ஓய்வுப் பிரிவில் 7 சதவீதம் கூடிவிட்டது. நுரையீரல் தமனியின் அழுத்தமும் நாய்ப் பிரிவில்தான் நன்றாகத் தணிந்தது.

இந்த ஆய்வில் என்னைக் கவர்ந்தது இரண்டாம் பிரிவு. நோயில் கிடப்பவரை யாராவது வந்து பார்த்தாலே மனம் லேசாகும், அது நமக்குத் தெரியாததல்ல. ஆகவே நாயோடு ஒருவர் வந்து நோயாளி தெம்பானார் என்றால், அந்தத் தெம்பு நாயால் வந்ததா, கூட வந்தவரால் வந்ததா என்று கேட்டாக வேண்டும். கோல் குழுவினர் அதைக் கேட்டார்கள். மனிதருக்கு உரியதைக் கழித்த பிறகும் நாய்க்கு என்று ஒரு பங்கு மிஞ்சியது. விலங்குவழிச் சிகிச்சையைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் இந்தக் கழித்தல் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. போடாதவர்கள் நிறைய வாக்குறுதி தந்திருக்கிறார்கள். அவற்றை நம்பிப் பணத்தையும் நாளையும் இழந்த குடும்பங்கள் பல.

இந்தக் கேள்வி முதலில் கேலியாகத்தான் கேட்கப்பட்டது. நியூயார்க்கின் யெஷிவா பல்கலைக்கழகத்தில் போரிஸ் லெவின்சன் என்ற குழந்தை உளவியலாளர் இருந்தார். அவருடைய நாயின் பெயர் ஜிங்கிள்ஸ். யாரோடும் ஒட்டாமல் தனக்குள் ஒடுங்கிப்போன ஒரு சிறுவனுக்குப் பல காலம் பல சிகிச்சைகள் செய்தும் பலனில்லை. ஒருநாள் அவனுடைய தாய் குறித்த நேரத்துக்கு முன்பே அவனை அழைத்துக்கொண்டு வந்துவிட்டார். லெவின்சன் எழுதிக்கொண்டிருந்தார், ஜிங்கிள்ஸ் காலடியில் கிடந்தது. சிகிச்சை நேரத்தில் அது அந்த அறையில் இருப்பது வழக்கமில்லை. கதவு திறந்ததும் அது ஓடிப்போய்ப் பையனை நக்கியது. பையன் பயந்து விலகவில்லை, நாயைக் கட்டிக்கொண்டான். தாய் பிரிக்கப் போனபோது, விட்டுவிடுங்கள் என்று லெவின்சன் சைகை காட்டினார். அன்று கிளம்பும்போது, நாயோடு விளையாட மறுபடி வரலாமா என்று அவனே கேட்டான். அடுத்து வந்த நாட்களில் அவன் நாயோடுதான் பேசினான். லெவின்சன் அங்கே இருப்பதையே கவனித்ததாகத் தெரியவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக, நாய்மீது வைத்த அன்பில் அவருக்கும் ஓர் இடம் கிடைத்தது. அதன் பிறகுதான் உண்மையான சிகிச்சை தொடங்கியது.

1961-இல் அமெரிக்க உளவியல் சங்கத்தின் கூட்டத்தில் லெவின்சன் இதைச் சொன்னபோது அவையில் சிலர் சிரித்தார்கள். வாங்கும் கட்டணத்தில் நாய்க்கு எவ்வளவு கொடுக்கிறீர்கள் என்று ஒரு கேள்வி வந்தது. அவர் தளரவில்லை. மறு ஆண்டே நாயை உடன்-சிகிச்சையாளர் என்று அழைத்துக் கட்டுரை எழுதினார், 1969-இல் நூலாகவும் விரித்தார். அவருக்கு முன்பும் இப்படிச் சிந்தித்தவர்கள் உண்டு. இங்கிலாந்தின் யார்க் நகரில் 1796-இல் குவேக்கர் சமயத்தினர் தொடங்கிய மனநல இல்லத்தின் முற்றங்களில் முயலும் கோழியும் கடற்பறவைகளும் நடமாடின. மனநோயாளிகளைச் சங்கிலியில் கட்டிவைத்த காலம் அது. நெடுநாள் நோயாளிக்குச் சின்னஞ்சிறு வளர்ப்பு விலங்கு நல்ல துணை என்று பிளாரன்ஸ் நைட்டிங்கேல் செவிலியர்களுக்கான தம் நூலில் எழுதியிருக்கிறார். சிக்மண்ட் பிராய்டு முதுமையில் தம் நாயை ஆலோசனை அறையிலேயே வைத்திருந்தார். ஆனால் விலங்கைச் சிகிச்சையின் ஓர் அங்கமாக எடுத்துக்கொண்டு, குறிப்பெழுதி, சக அறிஞர்கள் முன்னால் வைத்து வாதாடியவர் லெவின்சன்தான்.

அந்தப் பையன் லெவின்சனிடம் பேசாமல் நாயிடம் பேசியது ஏன்? இதற்கு விடைபோல ஒரு பரிசோதனை 1991-இல் வந்தது. கேரன் ஆலன் என்ற ஆய்வாளரும் உடன் பணியாற்றியவர்களும் நாய் வளர்க்கும் 45 பெண்களை மனக்கணக்குப் போடச் சொன்னார்கள். ஒரு எண்ணிலிருந்து இன்னொன்றை வேகவேகமாகக் கழித்துக்கொண்டே போக வேண்டும், தவறக்கூடாது. இதில் யாருக்கும் இதயம் படபடக்கும். சிலருக்குப் பக்கத்தில் நெருங்கிய தோழி இருந்தார், சிலருக்கு அவர்களுடைய நாய் இருந்தது, சிலர் தனியே செய்தார்கள். உயிர்த்தோழி பக்கத்தில் இருந்தால் படபடப்பு அடங்கும் என்றுதான் யாரும் நினைப்போம். கூடியது. தோழி ஆதரவாகத்தான் இருந்தார். ஆனாலும் தப்பும் தவறுமாகக் கணக்குப் போடுவதை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறாரே! நாய் பக்கத்தில் இருந்தபோது உடலின் பதற்றம் மிகக் குறைவாக இருந்தது. நாய்க்குக் கணக்குத் தெரியாது, தப்பும் தெரியாது.

நம்மை எடைபோடாத ஒரு துணை என்பது உணர்ச்சிவசப்பட்டுச் சொல்லும் பேச்சாகத் தோன்றலாம், ஆனால் உடல் அதை அளவெடுத்துக் காட்டுகிறது. மனிதன் கூட்டமாக வாழும் உயிர். மற்றவர் நம்மைப் பற்றி என்ன நினைக்கிறார் என்பதை மூளை ஓயாமல் கணித்துக்கொண்டே இருக்கிறது. மதிப்பு குறைகிறது என்ற சந்தேகம் எழுந்தாலே பரிவு நரம்பு மண்டலம் விழித்துக்கொள்ளும். சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி அட்ரினலினை ரத்தத்தில் கொட்டும். கொஞ்ச நேரத்தில் கார்டிசாலும் ஏறும். பள்ளியில், வேலையில், உறவுக் கூட்டத்தில் நாள் முழுக்க இப்படி விழித்தே கிடக்கும் உடலுக்கு நோய் சீக்கிரம் வரும். ஏற்கெனவே நோயுற்ற உடலென்றால் தேறுவது தாமதமாகும். தொடுதலும் சூடும் துணையும் தருகிற, ஆனால் மதிப்பெண் போடாத ஓர் உயிர் அருகில் இருக்கும்போது இந்த எச்சரிக்கை மணி சற்று ஓய்கிறது.

பின்னால் ஆலன் இதே வழியில் இன்னும் ஓர் அடி போனார். உயர் ரத்த அழுத்தம் கொண்ட, தனியாக வாழ்ந்த 48 பங்குத் தரகர்கள். எல்லோருக்கும் லிசினோபிரில் மாத்திரை. அவர்களில் குலுக்கலில் தேர்ந்த பாதிப் பேர் மட்டும் மாத்திரையோடு ஒரு நாயையோ பூனையையோ வளர்க்கத் தொடங்கினார்கள். 2001-இல் வெளியான முடிவு தெளிவாக இருந்தது. சும்மா இருக்கும்போது எல்லோருடைய ரத்த அழுத்தமும் மாத்திரையால் ஒரே மாதிரி இறங்கியிருந்தது, அதில் விலங்குக்குப் பங்கில்லை. நெருக்கடியான பேச்சுத் தேர்வு, கணக்குத் தேர்வு வைத்தபோது விலங்கு வளர்த்தவர்களின் ரத்த அழுத்தம் மற்றவர்களைவிடக் கணிசமாகக் குறைவாகவே ஏறியது. மாத்திரை ஒரு வேலை செய்தது, விலங்கு வேறொரு வேலை செய்தது. யாராவது மாத்திரையை நிறுத்திவிட்டு நாய் வாங்கப் போனால் அது பெரும் ஆபத்து.

மனதை அமைதிப்படுத்தும் ரசாயனங்களின் பக்கம் ஆக்சிடோசின் இருக்கிறது. தாய்க்குப் பால் சுரக்க உதவுவதும், தாய்-சேய்ப் பிணைப்பில் பங்கேற்பதும் இந்த ஹார்மோன்தான். ஜப்பானின் அசாபு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-இல் வெளியிட்ட ஆய்வில், நாயும் வளர்ப்பவரும் ஒருவரை ஒருவர் நெடுநேரம் கண்ணோடு கண் பார்த்த இணைகளில் இருவருடைய சிறுநீரிலும் ஆக்சிடோசின் கூடியிருந்தது. மனிதர் கையில் வளர்ந்த ஓநாய்களிடம் இது நிகழவில்லை. ஓநாய்க்குக் கண்ணுக்குக் கண் பார்ப்பது மிரட்டல். பல்லாயிரம் ஆண்டுகள் மனிதரோடு வாழ்ந்த நாய், நம் குழந்தைகள் நம்மைப் பிணைக்கும் அதே பாதையில் நுழைந்து இடம்பிடித்திருக்கிறது என்பது அந்த ஆய்வாளர்களின் விளக்கம்.

பார்த்தால் போதுமா, தொட வேண்டுமா? வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேட்ரிசியா பெண்ட்ரி 249 மாணவர்களை நான்காகப் பிரித்து இதைச் சோதித்தார். ஒரு பிரிவினர் 10 நிமிடம் நாய், பூனைகளைத் தடவிக் கொஞ்சினார்கள். இன்னொரு பிரிவினர் வரிசையில் நின்று அதை வேடிக்கை பார்த்தார்கள். மூன்றாம் பிரிவினர் அதே விலங்குகளின் படங்களைப் பார்த்தார்கள். நான்காம் பிரிவினர் சும்மா காத்திருந்தார்கள். எச்சிலில் கார்டிசாலை அளந்தபோது, கைவைத்துத் தொட்டவர்களுக்கே அதிகம் குறைந்திருந்தது. போனில் நாய்க்குட்டி வீடியோ பார்ப்பது இனிமையான பொழுதுபோக்குதான், அதற்கு இந்தக் கணக்கில் பெரிய இடமில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் மனம் வழியாக உடலுக்குப் போன பாதை. உடலை நேராகவே பிடித்துத் திருத்தும் விலங்கும் ஒன்று உண்டு. அது குதிரை.

டென்மார்க்கின் லிஸ் ஹார்டெல் குதிரையேற்ற வீராங்கனை. 1944-இல், 23 வயதில், வயிற்றில் குழந்தை இருக்கும்போது போலியோ தாக்கியது. குழந்தை நலமாகப் பிறந்தது. அவருக்கோ முழங்காலுக்குக் கீழே கால்கள் கடைசிவரை செயலற்றே இருந்தன. தவழ்ந்து, ஊன்றுகோல் பிடித்து, மீண்டும் குதிரைமேல் ஏறினார், ஏறி இறங்க யாராவது தூக்கிவிட வேண்டும். காலால் குதிரைக்கு ஆணையிட முடியாதவர் உடலின் எடையை அசைத்தே ஆணையிடக் கற்றுக்கொண்டார். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில்தான் குதிரையை இசைவாக நடத்திக்காட்டும் டிரெசாஜ் போட்டி முதன்முதலாகப் பெண்களுக்குத் திறந்தது. அதில் ஜூபிலி என்ற பெண் குதிரைமீது அமர்ந்து ஆண்களுக்கு எதிராக வெள்ளி வென்றார் ஹார்டெல். 1956-இல் மீண்டும் வெள்ளி. அந்தப் பதக்கங்களுக்குப் பிறகு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உடல் ஊனமுற்றோருக்கான குதிரையேற்ற மையங்கள் வேகமாகப் பரவின.

குதிரை அப்படி என்ன செய்கிறது? அது நடக்கும்போது அதன் முதுகு ஒரே நேரத்தில் மூன்று விதமாக அசைகிறது: முன்னும் பின்னும், பக்கவாட்டில், மேலும் கீழுமாக. மேலே உட்கார்ந்திருப்பவரின் இடுப்பெலும்பும் அதற்கேற்ப முன்பின் சாய்கிறது, பக்கவாட்டில் ஏறி இறங்குகிறது, லேசாகத் திரும்புகிறது. நாம் நம் சொந்தக் காலில் நடக்கும்போது இடுப்பு எப்படி அசைகிறதோ ஏறக்குறைய அதே அசைவு. குதிரை நிமிடத்துக்குச் சுமார் 100 அடி எடுத்துவைக்கும். 10 நிமிடம் உட்கார்ந்தால், ஒருநாளும் நடந்திராத குழந்தையின் இடுப்புக்கும் முதுகெலும்புக்கும் நடையின் அசைவு ஆயிரம் தடவை ஊட்டப்படுகிறது. எந்தச் சிகிச்சையாளரின் கையாலும் இத்தனை முறை, இவ்வளவு சீராக, இதைச் செய்துவிட முடியாது.

செரிபரல் பால்சி எனும் மூளை முடக்குவாதம் உள்ள குழந்தையை எடுத்துக்கொள்வோம். தொடையின் உள்பக்கத் தசைகள் விறைத்து, கால்கள் கத்தரிக்கோல்போல ஒன்றன்மேல் ஒன்று பின்னிக்கொள்ளும். சேணம் வைக்காமல், முதுகில் ஒரு மெத்தை விரிப்பைப் போட்டு, அந்தக் குழந்தையை இருபுறமும் கால் வரும்படி உட்கார வைக்கிறார்கள். குதிரையின் உடற்சூடு சுமார் 38 டிகிரி செல்சியஸ், நம்முடையதைவிடக் கொஞ்சம் அதிகம். அந்தச் சூட்டிலும் சீரான ஆட்டத்திலும் தசைகள் இளகத் தொடங்குகின்றன. முன்னால் ஒருவர் கயிற்றைப் பிடித்து நடத்துகிறார், இரண்டு பக்கமும் இருவர் குழந்தையின் தொடையைத் தாங்கிக்கொண்டு கூடவே நடக்கிறார்கள். பிசியோதெரபிஸ்ட் குதிரையைச் சட்டென்று நிறுத்தச் சொல்கிறார். குழந்தையின் உடல் முன்னால் சரிகிறது. விழாமல் இருக்க முதுகுத் தசைகள் தாமாக இறுகி நிமிர்த்துகின்றன. மறுபடி நடை, உடல் பின்னால் சாய்கிறது, இப்போது வயிற்றுத் தசைகளுக்கு வேலை. வட்டமாக நடத்தினால் பக்கவாட்டுத் தசைகள் உழைக்கும். சில சமயம் குழந்தையைப் பின்பக்கம் பார்த்தும் உட்கார வைப்பார்கள். நிமிர்ந்து உட்கார் என்று ஆயிரம் தடவை சொல்லியும் வராத நிமிர்வு, சொல்லாமலே வருகிறது. குழந்தைக்கு அது உடற்பயிற்சி என்ற நினைப்பே இல்லை, அதற்கு அது குதிரைச் சவாரி.

இங்கேயும் கழித்தல் கணக்கு உண்டு. காலை அகட்டி உட்கார்ந்ததால் மட்டுமே தசை இளகியிருக்கலாம் அல்லவா? வில்லியம் பெண்டா குழுவினர் 2003-இல் 15 குழந்தைகளிடம் இதைச் சோதித்தார்கள். சிலர் 8 நிமிடம் குதிரைமேல். சிலர் அதே 8 நிமிடம், அதேபோலக் காலை அகட்டி, அசையாத ஒரு பீப்பாய்மேல். இடதும் வலதும் சமனில்லாமல் இழுத்துக்கொண்டிருந்த தசைகள் குதிரையில் அமர்ந்தவர்களிடம் சமநிலைக்கு வந்தன, பீப்பாயில் அமர்ந்தவர்களிடம் வரவில்லை. சிறிய ஆய்வுதான், ஆனால் வேலை செய்தது அசைவுதான் என்பதைத் திருத்தமாகச் சுட்டியது. விலங்குவழிச் சிகிச்சைகளில் காரணமும் விளைவும் இவ்வளவு கண்கூடாகப் பொருந்தி வருவது அபூர்வம்.

இதற்கு நேர் எதிரான விலங்கு மீன். தொடவும் முடியாது, அது நம்மைக் கண்டுகொள்வதும் இல்லை. அல்சைமர் முற்றியவர்களைப் பராமரிப்போருக்குத் தெரியும், பெரும்பாடு சாப்பாட்டு வேளையில்தான். சிலர் தட்டின் முன்னால் இரண்டு நிமிடம்கூட உட்காராமல் எழுந்து நடக்கத் தொடங்கிவிடுவார்கள். சிலர் எதையும் பார்க்காமல் மரத்துப்போய் உட்கார்ந்திருப்பார்கள். எடை குறையும், குறைந்தால் புண் ஆறாது, தொற்று எளிதில் பற்றும். நான்சி எட்வர்ட்ஸ், ஆலன் பெக் என்ற இரு ஆய்வாளர்கள் முதியோர் இல்லங்களின் சாப்பாட்டுக் கூடங்களில் வண்ணமீன் தொட்டிகளை வைத்தார்கள். அல்சைமர் உள்ள 62 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். உண்ட உணவின் அளவு தொட்டி வந்ததும் 21 சதவீதம் கூடியது, அடுத்த வாரங்களில் 27 சதவீதமாயிற்று. 16 வாரங்களில் சராசரியாக முக்கால் கிலோ எடை ஏறியது. கூடுதலாகக் கொடுத்துவந்த சத்துப் பானங்களின் தேவையும் குறைந்தது. எழுந்து அலைபவர்கள் மீன்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள், மரத்துப்போனவர்கள் கொஞ்சம் விழிப்பானார்கள். ஒளியும் அசைவும் கண்ணை இழுத்து நிறுத்தின, ஆனால் திகைக்க வைக்கவில்லை. மருந்தால் ஆகாத ஒரு காரியம் 2002-இல் ஒரு கண்ணாடித் தொட்டியால் ஆனது என்பதை நினைத்து எனக்கு இன்றும் மகிழ்ச்சியாக இருக்கிறது.

ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கு விலங்கு என்ன தருகிறது என்பதை அழகாகக் காட்டியது ஆஸ்திரேலியாவில் நடந்த ஒரு வகுப்பறை ஆய்வு. மார்கரீட் ஓஹேர் குழுவினர் ஆட்டிசம் உள்ள ஒரு குழந்தையும் மற்ற இரு குழந்தைகளுமாக மூவர் மூவராக உட்கார வைத்து, ஒரு நேரம் பொம்மைகளையும் இன்னொரு நேரம் கினிப்பன்றிகளையும் கொடுத்தார்கள். கினிப்பன்றிகள் இருந்தபோது ஆட்டிசம் உள்ள குழந்தைகள் அதிகம் பேசினார்கள், முகத்தைப் பார்த்தார்கள், சிரித்தார்கள். பேச்சு விலங்கோடு மட்டும் நிற்கவில்லை, பக்கத்துப் பிள்ளைகளோடும் நடந்தது. பின்னொரு ஆய்வில் மணிக்கட்டில் பட்டை கட்டி, வியர்வையால் தோலில் ஏற்படும் மின்மாற்றத்தை அளந்தார்கள். பொம்மைகளோடு விளையாடும்போதும், மற்றவர் முன் உரக்கப் படிக்கும்போதும் ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் உடல் உள்ளுக்குள் பதறிக்கொண்டிருந்தது, வெளியே தெரியாவிட்டாலும். கினிப்பன்றி வந்ததும் அந்தப் பதற்றம் இறங்கியது. மற்ற பிள்ளைகளுக்கோ நேர்மாறாக ஏறியது, குஷியில். ஒரே விலங்கு, இரண்டு வகை உடல்களில் இரண்டு வேலை. பெரியவர்களைப் பயமுறுத்தும் ஒரு புள்ளிவிவரமாக ஆட்டிசத்தைப் பார்ப்பவர்கள் அந்த மணிக்கட்டுப் பட்டையை நினைத்துக்கொள்ள வேண்டும். வகுப்பில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் அந்தக் குழந்தை உள்ளே எவ்வளவு பாடுபடுகிறது!

போரிலிருந்து திரும்பி, இரவில் கெட்ட கனவு கண்டு அலறி எழும் படைவீரர்களுக்கு அமெரிக்காவில் பயிற்சி பெற்ற நாய்களைக் கொடுக்கிறார்கள். கனவில் உடல் துடிக்கத் தொடங்கியதும் நாய் முட்டி எழுப்பிவிடும். 141 பேரை வைத்து 2018-இல் வெளியான ஆய்வில் நாய் பெற்றவர்களின் நோய்க்குறிகள் காத்திருப்போர் பட்டியலில் இருந்தவர்களைவிடக் குறைவாக இருந்தன. ஆனாலும் நோய் தீர்ந்துவிடவில்லை, மருத்துவமும் ஆலோசனையும் தொடரவே வேண்டியிருந்தது.

கணக்குத் தேறாத இடங்களையும் சொல்ல வேண்டும். இதய நோயிலிருந்து வீடு திரும்பிய 92 பேரில், விலங்கு வளர்த்த 53 பேரில் 3 பேரும், வளர்க்காத 39 பேரில் 11 பேரும் ஓராண்டுக்குள் இறந்தார்கள் என்று எரிகா பிரீட்மன் 1980-இல் எழுதியதுதான் இந்தத் துறைக்கே உலகப் புகழ் தந்தது. ஆனால் அங்கே யாரும் குலுக்கல் போடவில்லை. விலங்கு வளர்க்க முடிகிறவர் ஏற்கெனவே கொஞ்சம் தெம்பாகவோ வசதியாகவோ இருந்திருக்கலாம். பின்னால் அதே பிரீட்மன் செய்த பெரிய ஆய்வில் நாய் வளர்த்தவர்களுக்கு நன்மை தெரிந்தது, பூனை வளர்த்தவர்களுக்குத் தெரியவில்லை. கலிபோர்னியாவில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் விவரங்களை 2017-இல் அலசியபோது, செல்ல விலங்கு உள்ள வீட்டுப் பிள்ளைகள் ஆரோக்கியமாகத்தான் இருந்தார்கள். குடும்ப வருமானம், சொந்த வீடு போன்றவற்றைக் கணக்கில் சேர்த்ததும் அந்த வித்தியாசம் கரைந்துபோனது. புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் குழந்தைகளை நாய்கள் பார்த்து வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், குழந்தைகளின் கலக்கம் நாய் வந்தாலும் வராவிட்டாலும் ஒரே அளவில்தான் குறைந்தது. பெற்றோரின் மன அழுத்தம்தான் தணிந்தது. எனக்கு அது சிறிய பலனாகத் தெரியவில்லை. குழந்தை நோயில் கிடக்கும்போது பெற்றோரைக் கேட்பார் யார்?

டால்பின் விஷயம் வேறு. 1970-களில் அமெரிக்காவில் தொடங்கி, ஊனமுற்ற குழந்தைகளை டால்பினோடு நீந்தவைத்தால் அற்புதம் நடக்கும் என்று உலகெங்கும் பெருந்தொகை வாங்கி விற்றார்கள். லோரி மரினோ, ஸ்காட் லிலியன்பெல்டு என்ற இருவர் 1998-இலும் 2007-இலும் அந்த ஆய்வுகளை வரிவரியாகப் பிரித்துப் பார்த்தார்கள். கடல், வெயில், விடுமுறை, பெற்றோரின் எதிர்பார்ப்பு ஆகியவற்றைக் கழித்தால் டால்பினின் பங்கு என்று நம்பும்படி எதுவும் மிஞ்சவில்லை. இந்தச் சிகிச்சையைத் தொடங்கிவைத்த பெட்சி ஸ்மித்தே பிற்பாடு அதைக் கைவிட்டு எதிர்த்தார். தொட்டியில் அடைபடும் டால்பினின் வாழ்வோ பெரும் துயரம். டால்பின் காட்சிக்கூடங்களுக்கு 2013-இல் இந்திய அரசு தடை விதித்தது, நல்லதே செய்தது.

இயந்திரம் இந்த வேலையைச் செய்யுமா என்றும் சோதித்துவிட்டார்கள். ஜப்பானில் தகனோரி ஷிபாத்தா உருவாக்கிய பாரோ என்ற சீல் குட்டி ரோபோவைத் தடவினால் கண் சிமிட்டும், முனகும். ஆஸ்திரேலியாவில் மறதிநோய் உள்ள 415 முதியோரிடம், இயங்கும் பாரோவையும் இயக்கத்தை நிறுத்திவைத்த பாரோவையும் ஒப்பிட்டார்கள். இயங்கும் பாரோவோடு அவர்கள் அதிகம் பேசினார்கள், அதிகம் பார்த்தார்கள். ஆனால் மகிழ்ச்சியைப் பொறுத்தவரை வெறும் பொம்மைக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. நாயை உள்ளே விட முடியாத வார்டுகளுக்கு இது ஒரு வழி.

ஏன் விட முடியாது? கனடாவின் ஒன்டாரியோவில் மருத்துவமனைகளுக்குப் போய்வரும் 102 நாய்களைச் சோதித்தபோது, பாதிக்கும் மேற்பட்டவற்றில் கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் குளோஸ்ட்ரிடியம் டிஃபிசில் கிருமி இருந்தது. ஆகவே நாயைத் தொடுவதற்கு முன்னும் பின்னும் கை கழுவ வேண்டும், விரிப்பை ஒவ்வொருவருக்கும் மாற்ற வேண்டும், பச்சை இறைச்சி தின்னும் நாயைச் சேர்க்கக் கூடாது, திறந்த புண் உள்ளவரிடமும் எதிர்ப்புச் சக்தி மிகக் குறைந்தவரிடமும் கொண்டுபோகக் கூடாது. நம் ஊரில் இன்னும் ஒரு நிபந்தனை முதலிடத்தில் வரும். உலகில் வெறிநாய்க்கடியால் இறப்பவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தியாவில். ரேபிஸ் தடுப்பூசி அட்டை இல்லாத நாய் எவ்வளவு சாதுவானாலும் வாசலோடு நிற்க வேண்டியதுதான். தெருநாய் துரத்தி ஓடிய குழந்தைகள் இங்கே ஏராளம். அவர்களில் ஒருவரை நாயின் முன்னால் நிறுத்தித் தொடச்சொல்லி வற்புறுத்தினால், தணிக்க வந்த பதற்றத்தை நாமே கிளப்பிவிடுவோம். வேண்டாம் என்று சொல்லும் உரிமை நோயாளிக்கு எப்போதும் வேண்டும்.

அந்த உரிமை விலங்குக்கும் வேண்டும். ஹாங்காங்கில் ஜில் ராபின்சன் 1991-இல் மேக்ஸ் என்ற கோல்டன் ரிட்ரீவரோடு மருத்துவமனைக் குழந்தைகளைப் பார்க்கத் தொடங்கியதுதான் 'டாக்டர் டாக்' திட்டம். பிறகு சென்னையில் புளூ கிராஸ் அமைப்பும் அதைக் கொண்டுவந்தது. இத்தகைய பணிக்கு எல்லா நாயும் பொருந்தாது. தட்டு கீழே விழுந்தால் துள்ளாத, முன்பின் தெரியாத கை தன் காதைப் பிடித்து இழுத்தாலும் நிதானம் இழக்காத, புது மனிதரைத் தேடிப் போகிற நாய் வேண்டும். அதற்கும் களைப்பு வரும். நாய்க்கு உடலெங்கும் வியர்க்காது, மூச்சிரைத்தே சூட்டைத் தணிக்கிறது. சித்திரை வெயிலில் மின்விசிறி மட்டும் சுற்றும் அறையில் அரைமணி நேரம் என்பது அதற்கு அதிகம். தீனி இல்லாதபோது உதட்டை நக்குவது, தூக்கம் இல்லாதபோது கொட்டாவி விடுவது, காதைப் பின்னால் மடக்குவது, தலையை வேறு பக்கம் திருப்பிக்கொள்வது, கண்ணின் வெள்ளை தெரியப் பார்ப்பது எல்லாம் எனக்குப் போதும் என்று அது சொல்லும் விதங்கள். கூட்டிவந்தவர் நோயாளியைவிட நாயைத்தான் அதிகம் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும்.

கைதேர்ந்த சிகிச்சையாளர்கள் இந்தக் குறிகளையே பாடமாக்கிவிடுகிறார்கள். எதிரே இருப்பவரின் மனநிலையை முகத்திலிருந்து படிப்பதுதான் ஆட்டிசம் உள்ள பல குழந்தைகளுக்குக் கடினம். மனித முகம் நொடிக்கு நொடி மாறும், வாய் ஒன்று சொல்லும், கண் ஒன்று சொல்லும். நாயின் உடல் பொய் சொல்லாது, குறிகளும் குறைவு, ஒவ்வொன்றும் பெரிதாகத் தெரியும். ஆகவே குழந்தை இறுக்கிக் கட்டிக்கொண்டிருக்கும்போது நாய் தலையைத் திருப்பினால், சிகிச்சையாளர் கையை விலக்கிவிட்டுப் போவதில்லை. இப்போது அதன் காதைப் பார், எப்படி இருக்கிறது என்று கேட்பார். பின்னால் போயிருக்கிறது. முன்பு எப்படி இருந்தது? நிமிர்ந்து இருந்தது. அப்படியானால் அதற்கு என்ன வேண்டும் என்று நினைக்கிறாய்? கொஞ்சம் யோசித்துவிட்டுக் குழந்தை பிடியைத் தளர்த்தும். நாய் எழுந்து உதறிக்கொண்டு, தண்ணீர்க் கிண்ணத்துக்குப் போய்விட்டுத் தானாகத் திரும்பி வரும். வராமலும் போகலாம், அன்றைய வேளை அத்தோடு முடிந்தது என்று குறிப்பேட்டில் எழுதிவிடுவார்கள்.